ஹாரனுக்கும் கயிற்றுக்கும் நடுவே

ஹாரன் அடித்தது. வெறும் கொக்கி மேலே ஏறியது. தேதி கைதட்டினார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எந்த வேலையைச் சொன்னாலும் "என்ன தேதிக்கு முடியும்?" என்றே முதலில் கேட்பதால் கம்பெனியில் அவர் தேதி ஆகிவிட்டார். கிரேன்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து விற்கும் சின்னக் கம்பெனி. அதில் அவர் திட்ட மேலாளர். இன்று ஓர் இரும்புக் குழாய்க் கிடங்கில், வாங்கியவர்களின் கண்முன்னால், புது நிரலுக்கு முதல் சோதனை.

நிரலை எழுதியவள் தூணடியில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். அதிலிருந்து ஒரு வயர் தூணில் பொருத்தியிருந்த இரும்புப் பெட்டிக்குள் போனது. அவள் கைதட்டவில்லை. ஏதோ இடித்தது. திரையில் எல்லாம் பச்சை, காதுக்குத்தான் சரிப்படவில்லை.

எழுதியவள் என்பதும் முழு உண்மையில்லை. ரிமோட்டும் கிரேனும் ரேடியோவில் பேசிக்கொள்ள ஒரு முறை உண்டு. எந்தத் தகவல் முதலில், எது பின்னால், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று வகுத்த நெறிமுறை. பழைய நிரலில் அதை ஒருவர் கையால் எழுதியிருந்தார். அவர் போனபின் வந்தவர்கள் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டார்கள். எங்கே தொட்டால் எங்கே ஒழுகும் என்று தெரியாத கூரை மாதிரி ஆகிவிட்டது. இப்போது அந்தப் பகுதியை ஆள் எழுத வேண்டியதில்லை. செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று விவரம் எழுதிக் கொடுத்தால் ஒரு கருவி அதை நிரலாகத் துப்பிவிடும். கம்பெனியில் அதற்கு மாவு மிஷின் என்று பெயர். அது துப்பிய நிரலில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால், அடுத்த தடவை அரைக்கும்போது வைத்தது காணாமல் போகும்.

அவளுடைய வேலை, மிஷின் அரைத்ததைப் பழைய நிரலோடு ஒட்டுவது. பழையதில் நெறிமுறைப் பகுதியை வெட்டி எடுத்து, அந்த ஓட்டையில் புதியதை வைத்து, நடுவில் ஒரு பாலம் கட்டுவது. வெட்டுவது சுலபம். வெட்டியதோடு சேர்ந்து என்னென்ன போயிற்று என்று தெரிவதுதான் பாடு.

நெட்டையன் காலையிலேயே கேட்டுவிட்டான்.

"மிஷினே எழுதுதுன்னா உனக்கு எதுக்கு தங்கச்சி சம்பளம்?"

"அது எழுதினத ஒட்ட வைக்க ஒரு ஆள் வேணும்ல."

"அப்ப நீயும் எங்கள மாதிரி கொக்கி மாட்டுற ஆளுதான்னு சொல்லு!"

நெட்டையன் அண்ணனின் ஜோடி. குழாயின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் அண்ணன். குழாயைச் சுற்றி நைலான் பெல்ட்டைக் கொடுத்து, அதன் முனையிலுள்ள வளையக் காதைக் கொக்கியில் மாட்டுவது இருவருக்கும் வேலை. அண்ணன் என்றால் நிரல் எழுதிய இந்தத் தங்கையின் கூடப்பிறந்த அண்ணன். சோதனை இந்தக் கிடங்கில்தான் என்று தெரிந்ததும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். "என் தங்கச்சி செஞ்சது. மொத லோடு நான்தான் மாட்டுவேன்." அவள் படித்ததற்காக யார் எத்தனை மூட்டை தூக்கினார்கள் என்று வீட்டில் யாரும் சொல்லிக்காட்டுவதில்லை. சண்டை வந்தால் மட்டும் சொல்வார்கள்.

"இன்னொரு தடவ பாத்துருவோம்," என்றார் தேதி.

ரிமோட்காரர் வயிற்றில் கட்டியிருந்த பெட்டியின் குமிழைத் தள்ளினார். ஹாரன் அடித்தது, கொக்கி ஏறியது.

இந்தத் தடவை தங்கைக்குப் பிடிபட்டது. ஹாரன் அடித்துப் பிறகு கொக்கி ஏறவில்லை. இரண்டும் ஒன்றாக நடந்தன.

அதில் தப்பென்ன? விவரத்தில் அப்படித்தான் இருந்தது. தூக்கு என்ற ஒரே செய்திக்குள் ஹாரனும் உண்டு. அலுவலக மேசையில் சோதித்தபோது ஹாரனுக்கு ஒரு விளக்கு, தூக்கலுக்கு ஒரு விளக்கு. இரண்டும் சேர்ந்து எரிந்தன. சரி என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

தூண் வரிசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இன்னும் பழைய நிரல். அவள் திரும்பி அதைப் பார்த்தாள்.

இரண்டு ஆட்கள் குழாயின் இரு முனைகளிலும் குனிந்திருந்தார்கள். குழாய்க்கு வழுவழுப்பான பூச்சு. கயிறு தொய்வாக இருக்கும்வரை பெல்ட் ஓரிடத்தில் நிற்காது, நழுவும். அதனால் இருவரும் பெல்ட்டைக் கையாலேயே குழாயோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். ஹாரன் அடித்தது. கிரேன் அசையவில்லை. ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்குள் இருவரும் கையை உருவிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். அதன் பிறகுதான் கயிறு இறுகியது. பெல்ட் குழாயைக் கவ்வியது. குழாய் எழுந்தது.



அந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதை வெட்டியதே அவள்தான். பழைய நிரல் செய்தியை முழுதாக வாங்கிப் படிப்பதில்லை. ரேடியோவில் வரவர, துண்டு துண்டாகப் படிக்கும். படித்த துண்டை அங்கேயே செய்துவிடும். முதல் துண்டு ஹாரன். உடனே அடிக்கும். அதற்குப் பிறகு எந்தக் கொக்கி, எந்தத் திசை, என்ன வேகம் என்று மற்றவை ஊர்ந்து வரும். ரேடியோ பழசு, மெதுவாகத்தான் வரும். கடைசியில் சரிபார்க்கும் எண் வந்து, அது ஒத்துப்போனால்தான் மோட்டார் சுற்றும். ஹாரனுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அந்த ஊர்தல்தான் இருந்தது. யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை. அது வெறும் சோம்பல்.

மிஷின் அரைத்த நிரல் அப்படியில்லை. முழுச் செய்தியும் வரும்வரை வாயைத் திறக்காது. வந்ததும் சரிபார்த்து ஒரே பொட்டலமாகக் கையில் கொடுக்கும். பிரித்தால் ஹாரனும் மோட்டாரும் ஒரே நொடி. பழையதை வெட்டும்போது அவள் அந்த வரிகளைப் பார்த்தாள். பாதி செய்தியைப் படித்துவிட்டு ஹாரன் அடிக்கிறானே, மீதி கெட்டுப்போயிருந்தால் என்ன ஆகும், இது என்ன அரைகுறை வேலை என்று நினைத்தாள். சுத்தம் செய்துவிட்டதாகக் கூட்டத்தில் சொன்னாள். சபாஷ் என்றார்கள்.

இந்தப் பக்கம் முதல் குழாயை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டினான்.

தங்கை லேப்டாப்பைப் பெட்டிமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். லோடு வேண்டாம். ஹாரன் லேட்டா வருது."

தேதி சிரித்த முகத்தை வாடிக்கையாளர் பக்கம் வைத்துக்கொண்டே பல்லிடுக்கில் பேசினார். "எங்க லேட்டு? கரெக்டா தூக்கறப்ப அடிக்குது."

"தூக்கறப்ப அடிக்கக் கூடாது சார். அதுக்கு முன்னாடி அடிக்கணும்."

"எதுல இருக்கு அப்படி? விவரத்துல இருக்கா?"

"இல்ல."

"பழைய விவரத்துல?"

"அதுலயும் இல்ல."

"அப்புறம் என்னம்மா? வேகமா வேணும்னு கேட்டாங்க. வேகமா குடுத்திருக்கோம். இப்ப போய் ஏன் காலை வாருற?"

காரணம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் தேதிக்குப் பக்கத்தில் கிடங்கின் இன்சார்ஜ் நின்றார். அவருக்குப் பக்கத்தில் சேஃப்டி மேடம், தலையில் வெள்ளை ஹெல்மெட்டோடு. தொங்கும் கயிற்றுக்குக் கீழே பெல்ட்டில் கை வைப்பவனை அன்றே வெளியே அனுப்ப வேண்டும் என்பது கிடங்கின் விதி. பெல்ட்டைப் பிடிக்க நீளக் கம்பி இருக்கிறது, தூணில் தொங்குகிறது. அதன் முனைக் கவை தேய்ந்து எந்தக் காலத்திலோ மழுங்கிவிட்டது. அதைத் தொடுபவர்கள் இல்லை. இதைச் சொன்னால் அண்ணன் போவான். நெட்டையன் போவான். அந்தப் பக்கம் குனிந்திருந்த இருவரும் போவார்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டு குழாயை நோக்கி நடந்தாள்.

"என்னடி சோடாபுட்டி, கால் இடறப் போவுது, பாத்து வா," என்றான் அண்ணன். அவள் கண்ணாடி போட்ட நாளிலிருந்து அவனுக்கு அவள் சோடாபுட்டிதான்.

"அண்ணே, கைய வைக்காத."

"எதுல?"

"பெல்ட்டுல. நீ ஹாரன் கேட்டுத்தானே கைய எடுப்ப? இதுல ஹாரன் அடிக்கறப்பவே கயிறு இறுகிடும். முன்ன மாதிரி நேரம் கிடைக்காது."

அண்ணன் சேஃப்டி மேடத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். குரல் இறங்கியது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. உன் வாய்க்கு நாலு குடும்பம் போயிரும்."

"நான் சொல்றது காதுல விழுதா இல்லையா? விரல் போயிரும் அண்ணே."

"போவாது. எத்தன வருசமா பிடிக்கிறேன். இந்தக் கை எனக்குத் தெரியாதா? சட்டுனு எடுத்துக்கறேன் போ."

"எதக் கேட்டு எடுப்ப? கேக்கறப்பவே அது கவ்விருக்கும்."

"அப்ப கைய எடுத்துட்டா பெல்ட்டு நழுவும். மொத லோடே சாஞ்சு விழுந்தா உன் பொழப்பு நாறும். அது பரவாயில்லயா?" மறுமுனையைப் பார்த்துக் கத்தினான். "டேய் நெட்ட! இன்னிக்கு இது கொஞ்சம் துடியா இருக்குமாம். பாத்து எடு!"

"கட்டிக்கிட்டு வந்த மொத வாரம் என் பொண்டாட்டியும் அப்படித்தான் இருந்தா," என்றான் நெட்டையன்.

இருவரும் சிரித்தார்கள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கைகளும் என்ன செய்யப் போகின்றன என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் கேட்கிற கைகள் இல்லை அவை. வருஷக்கணக்காக ஒரு சத்தத்துக்குப் பழகியவை. அந்தச் சத்தம் வரும்வரை பிடித்தே இருக்கும்.

"தள்ளுங்க தள்ளுங்க," என்று ரிமோட்காரர் அவளை விரட்டினார்.

அவள் தூணடிக்கு ஓடினாள். பாலத்தில் ஒரு காத்திருப்பு வைத்தால் போதும். மிஷினின் கோப்பைத் தொட வேண்டாம். பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் ஹாரன், பிறகு சும்மா இரு, பிறகு மோட்டார். நாலே வரி. எழுதத் தொடங்கினாள். விரல் தப்பியது. அழித்தாள்.

தேதி பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"காத்திருப்பு வைக்கிறேன் சார்."

"இங்கயா? வாடிக்கையாளர் மிஷின்லயா? டெஸ்ட் பண்ணாத ப்ரோக்ராமையா? நீயே எனக்குப் பாடம் எடுப்பியே, டெஸ்ட் பண்ணாம ஒரு வரி ஏத்தக் கூடாதுன்னு!"

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"அப்ப பழசையே ஏத்திடறேன் சார். ஒரு கட்டளைதான்."

"ஏத்திட்டு? இவ்வளவு பேரு முன்னாடி எங்களுது தேறலைன்னு சொல்லவா? மூடு அத."

அண்ணனின் குரல் கேட்டது. "கொக்கி போட்டாச்சு!"

அவள் நிமிர்ந்தாள். பெல்ட் குழாயைச் சுற்றியிருந்தது. கயிறு தொய்ந்து தொங்கியது. அண்ணன் சேஃப்டி மேடத்துக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தான். முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. தூணடியிலிருந்து தெரிந்தது. இடது கை முழுதாகப் பெல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்தது.

ரிமோட்காரரின் பெருவிரல் குமிழுக்குப் போனது.

தங்கை இரும்புப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

கிரேனின் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. மேலே எங்கோ பிரேக் கடக்கென்று விழுந்தது. பக்கத்துக் கிரேன்காரர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யாரு அமுக்கினது?" என்றார் இன்சார்ஜ்.

"நான்தான் சார்."

"ஏன்?"

தேதி முந்திக்கொண்டார். "சின்ன விஷயம் சார், கனெக்ஷன்..."

"நான் அவங்களக் கேட்டேன்."

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம். சின்ன வயதில் அப்பாவின் முன்னால் நிற்கும்போது ஆட்டுவானே, அதே ஆட்டல். பக்கவாட்டில் தொங்கிய இடது கையை அவள் பார்த்தாள். கையுறை அவனுக்குப் பெரியது. விரல் நுனிகள் மடங்கிக் கிடந்தன.

"பெல்ட்ட ஹாரன் அடிக்கற வரைக்கும் கையாலதான் பிடிச்சிருக்காங்க சார். ஹாரன் கேட்டுத்தான் எடுப்பாங்க. பழசுல ஹாரனுக்கு அப்புறம் கொஞ்சம் நேரம் இருந்துச்சு. நான் செஞ்சதுல இல்ல. இப்ப தூக்கியிருந்தா கை உள்ள மாட்டியிருக்கும்."

சேஃப்டி மேடம் மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கையால பிடிக்கிறீங்களா?"

"இல்ல மேடம்," என்றான் அண்ணன்.

"நீங்க?"

"யாரு, நாங்களா? சேச்சே!" என்றான் நெட்டையன். "கம்பி இருக்கறப்ப கைய ஏன் மேடம் வைக்கப் போறோம்?"

சேஃப்டி மேடம் ரிமோட்காரரைப் பார்த்தார். அவர் வயிற்றுப் பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். "எனக்கு இங்கருந்து தெரியாதுங்க."

தேதி பெருமூச்சு விட்டார். "புதுசா பாக்கறாங்கல்ல சார். பயந்துட்டாங்க. அதோட அது அவங்க அண்ணன் வேற. நாம ஆரம்பிக்கலாம்."

தங்கை தூணை விட்டு நகர்ந்து நின்றாள். சொல்லக் கூடாததைச் சொல்லியும் ஆயிற்று. பொய்க்காரி என்று பெயர் வாங்கியும் ஆயிற்று. யாரோ சிவப்புப் பொத்தானைத் திருகி விடுவித்தார்கள். விளக்குகள் வந்தன. அண்ணன் அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"கம்பிய எடுடா," என்றான் நெட்டையனிடம். குரலில் அரம் இருந்தது.

வேறு வழி இல்லை அவனுக்கு. இல்லை என்று வாயால் சொன்னபிறகு, இத்தனை கண்களுக்கு முன்னால் கையை வைக்க முடியாது. தூணில் தொங்கிய கம்பிகளை எடுத்து வந்தார்கள். தூசி தட்டினார்கள். எட்ட நின்று மழுங்கிய கவையால் பெல்ட்டை அழுத்தினார்கள்.

ஹாரன் அடித்தது, கயிறு இறுகியது, இரண்டும் ஒன்றாக. கவை பூச்சின்மேல் வழுக்கியது. அண்ணன் பக்கத்துப் பெல்ட் ஒரு முழம் தள்ளிப் போய்க் கவ்வியது. குழாய் ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் தரையை உரசி, நெட்டையனை நோக்கி வட்டமடித்தது. அவன் தாவி விலகினான்.

"இறக்கு! இறக்கு!"

குழாய் தரையில் விழுந்த சத்தம் கூரைத் தகரத்தில் போய் மோதித் திரும்பியது.

"இன்னொரு தடவ," என்றார் இன்சார்ஜ்.

இன்னொரு தடவை நெட்டையன் பக்கத்துப் பெல்ட் நழுவியது. அடுத்த தடவை குழாய் இடுப்பு உயரம் போய், ஒரு முனை பெல்ட்டை விட்டு வெளியே வந்து, அடுக்கின்மேல் சரிந்தது. கீழே இருந்த குழாய்கள் உருண்டன. எல்லோரும் பின்னால் ஓடினார்கள். தேதியின் ஹெல்மெட் கீழே விழுந்தது.

உருண்டவை ஒருவழியாக நின்றன. பக்கத்துக் கிரேனில் வேலை ஓடவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் இருவரும் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். இன்சார்ஜ் அந்தப் பக்கம் பார்த்தார். காலையிலிருந்து அவர்கள் எத்தனை குழாய் ஏற்றியிருந்தார்கள் என்பது கண்ணெதிரே அடுக்காகக் கிடந்தது. ஒன்றுகூடச் சாயவில்லை. அவர்கள் பக்கத்துக் கம்பிகள் தூணில் தொங்கியபடியே இருந்தன.

அவருக்கு இது புதுச் செய்தி இல்லை. சேஃப்டி மேடத்துக்கும் இல்லை. புதுக் கம்பி வாங்க வேண்டும் என்று மேடம் கேட்பதும், வரும் என்று இன்சார்ஜ் சொல்வதும் அங்கே வழக்கம். கம்பி வந்தாலும் கை வைப்பதைப் போல வேகம் வராது. வேகம் வராவிட்டால் மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் சொல்லாமல் இருந்ததால்தான் கிடங்கு ஓடிக்கொண்டிருந்தது. இவள் வந்து போட்டு உடைத்துவிட்டாள்.

இன்சார்ஜ் தங்கையிடம் வந்தார்.

"அந்த நேரம்... பழசுல இருந்துச்சுன்னு சொன்னீங்களே. அத இதுல வைக்க முடியுமா?"

"முடியும் சார்."

"விவரத்துல இல்லாதத வைக்கணும்னா..." என்று தேதி தொடங்கினார்.

"விவரத்துல சேத்துக்கலாம்."

"என்ன காரணம்னு சேக்கறது சார்?"

"ஹாரன் முன்னாடி அடிக்கணும்னு சேருங்க. போதும்."

தேதி ஹெல்மெட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்து தங்கையின் காதருகே சொன்னார்: "வெறும் கொக்கியில டெஸ்ட் பண்ணிட்டுத்தான் லோடு. மிஷின் ஃபைல்ல கை வச்சுறாத."

"பாலத்துலதான் சார் வைக்கிறேன்."

அவள் பெட்டிமேல் உட்கார்ந்தாள். நாலு வரிகளும் பாதியில் நின்றன. முடித்தாள். கடைசியில் ஓர் எண் வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது?

பழைய நிரலில் அந்த எண் எங்கும் கிடையாது. ரேடியோவின் மந்தமும் ஒருவருடைய அவசர வேலையும் சேர்ந்து தானாக வந்த நேரம் அது. ஆட்கள் அதற்குக் கையைப் பழக்கிக்கொண்டார்கள். இப்போது அதை ஒருத்தி உட்கார்ந்து எழுத வேண்டும். கம்மியாக வைத்தால் விரல். அதிகமாக வைத்தால், எடுத்த கை மறுபடி பெல்ட்டைச் சரிசெய்யப் போகும்; அதுவும் விரல்.

பக்கத்துக் கிரேனை ஓட்டச் சொல்லி, கைபேசியில் பதிவுசெய்து, ஹாரன் தொடங்கிய இடத்துக்கும் மோட்டார் முனகிய இடத்துக்கும் நடுவை அளந்தாள். மூன்று தடவை எடுத்தாள். மூன்றும் ஒன்றல்ல. எண்ணூறு என்று போட்டாள். விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எண்ணூறு.

வெறும் கொக்கியில் ஓட்டினார்கள். ஹாரன். ஒரு மூச்சு. கொக்கி ஏறியது. திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒரு தடவையும் மாறவில்லை. செய்தியைப் பாதியில் அறுத்து அனுப்பியும் பார்த்தாள். ஹாரனும் அடிக்கவில்லை, மோட்டாரும் சுற்றவில்லை. தேதி கைதட்டவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

"லோடு," என்றார் இன்சார்ஜ்.

அண்ணன் பெல்ட்டைச் சுற்றினான். காதைக் கொக்கியில் மாட்டினான். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து சேஃப்டி மேடத்தைப் பார்த்தான். நெட்டையனும் பார்த்தான்.

சேஃப்டி மேடத்தின் கைபேசி ஒலிக்கவில்லை. ஆனாலும் அவர் அதை எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ, சொல்லுங்க," என்றபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

அண்ணன் கம்பியைக் கீழே போட்டான். குனிந்தான். இடது கை உள்ளே போனது.

தங்கையின் உள்ளங்கை சிவப்புப் பொத்தானின் மேலே இருந்தது. தொடவில்லை. நூலளவு இடைவெளி. அவள் எழுதிய எண் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அவன் விரல்கள் அந்தப் பெல்ட்டுக்குள் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை.

ரிமோட்காரர் குமிழைத் தள்ளினார்.

ஹாரன் அடித்தது.

அண்ணனின் தோள் பின்னால் போனது. கையுறையின் பெரிய விரல் நுனி பெல்ட்டின் விளிம்பில் சிக்கி நீண்டது. நீண்டுகொண்டே வந்தது. விடுபட்டது. அவன் பின்னால் சாய்ந்தான். கயிறு நிமிர்ந்து இறுகியது. பெல்ட் குழாயைக் கவ்வி முனகியது. குழாய் மட்டமாக, ஒரு பக்கமும் சாயாமல் எழுந்து போனது.

நெட்டையன் தன் முனையிலிருந்து விசிலடித்தான். யாரோ சிரித்தார்கள். தேதி இன்சார்ஜின் கையைக் குலுக்கினார். சேஃப்டி மேடம் சுவரைப் பார்த்து, "சரி சரி, வச்சிடறேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கை கையைக் கீழே இறக்கினாள். 

அண்ணன் இடது கையுறையைக் கழற்றி விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டான். அவளைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனால் அண்ணியின் முன்னால் இதற்கு ஒரு கச்சேரி உண்டு. படித்த படிப்பு, தூக்கிய மூட்டை எல்லாம் வரும். ரிமோட்காரர் பக்கம் திரும்பித்தான் பேசினான். ஆனால் தூண் வரைக்கும் கேட்கிற குரலில்.

"மாமா, அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. அந்த நேரத்த இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கணுமாம்."

ரிமோட்காரர் அவளைப் பார்த்தார். "கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு."

அவள் எண்ணூறை அழித்தாள்.